பையில் வேப் இருந்தது, மருத்துவரிடம் சொல்லலாமா?

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கும் என் 19 வயது மகனுக்குப் போன மாதம் ஓர் இரவு வலிப்பு வந்தது. மருத்துவமனையில் சேர்த்தோம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க இப்போது நாள் கொடுத்திருக்கிறார்கள். பிறகுதான் அவன் பையில் வேப்பை (மின்சிகரெட்டை) பார்த்தேன். அதனால் வலிப்பு வருமா? மருத்துவரிடம் சொன்னால் மாட்டிக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது. அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது.
- வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும், அதுவும் அந்த நாளுக்குக் காத்திராமல்.

வருமா என்றால், சந்தேகம் உண்டு, முடிவான நிரூபணம் இல்லை. வேப் பிடித்தபின் வலிப்பு வந்ததாக 2010 முதல் 35 புகார்கள் வந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் அறிவித்தது. பெரும்பாலும் இளையர்கள். ஆகஸ்டுக்குள் மற்ற நரம்புக் கோளாறுகளும் சேர்ந்து 127 ஆனது. சிலருக்கு நாலு இழுப்பிலேயே, சிலருக்கு ஒரு நாள் கழித்து. ஆனால் சிலருக்கு முன்பே வலிப்பு இருந்திருக்கிறது, சிலர் வேறு போதைப்பொருளும் எடுத்திருக்கிறார்கள். அதனால் பழியை வேப் மேல் மட்டும் போட முடியவில்லை.

நிக்கோட்டின் அளவுமீறினால் வலிப்பு வரும், அதில் சந்தேகமே இல்லை. பல வேப்களில் உள்ள நிக்கோட்டின் உப்பு தொண்டையை அவ்வளவாக உறுத்தாது. சிகரெட்டில் இருமி நிறுத்துகிற பையன், இதைப் பாடம் படித்துக்கொண்டே இழுத்துக்கொண்டிருப்பான். தேர்வு நேரத்தில் தூக்கமும் கெட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது: கேபாட் என்கிற போதை வேப். அதில் கலக்கும் எட்டோமிடேட், மருத்துவமனையில் ஊசி வழியாக ஏற்றும் மயக்க மருந்து. கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், பார்ப்பவருக்கு வலிப்பு போலவே தெரியும். 2025ல் பிடிபட்ட வேப்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் அது இருந்தது. உறையில் மாம்பழப் படம் போட்டிருக்கும், உள்ளே என்ன என்று வாங்கியவனுக்கே தெரியாது. இதை மறைத்தால் மருத்துவர் தவறான காரணத்தைத் தேடுவார். தேவையில்லாமல் வருடக்கணக்கில் மாத்திரை, தேசிய சேவையிலும் வாகன உரிமத்திலும் சிக்கல் என்று போகலாம்.

சட்டத்தைப் பற்றிய உங்கள் பயம் வீண் பயமில்லை. 2018 பிப்ரவரி முதல் வேப் வைத்திருப்பதே இங்கு குற்றம். எட்டோமிடேட் 2025 செப்டம்பரில் போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் விட்டுவிடுவதற்கு உதவி கேட்டுத் தானாக முன்வருபவருக்குத் தண்டனை இல்லை என்று அரசாங்கமே அறிவித்திருக்கிறது. பிடிபடும்வரை காத்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. எனவே மகனோடு பேசி, அவனையே முன்வரச் செய்யுங்கள். கத்தினால் வாயே திறக்க மாட்டான். "எதை இழுத்தாய், யாரிடம் வாங்கினாய், அன்றைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். அப்பாவுக்கும் சொல்லுங்கள், எத்தனை நாள் தனியாகச் சுமப்பீர்கள்?

அன்றிரவு நீங்கள் பார்த்ததையும் எழுதிவையுங்கள்: எவ்வளவு நேரம் இழுத்தது, நாக்கைக் கடித்தானா, சிறுநீர் பிரிந்ததா, எப்போது தெளிந்தான்.

மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். வாயில் கரண்டி, கையில் சாவிக்கொத்து எல்லாம் வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, நின்றபின் மூச்சுத் திணறினாலோ, உடனே 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள்.