கல் கேள்வி: மைக்காவுக்குள் மாட்டிக்கொண்டவை

கற்களைப் பற்றிப் போன இதழில் எழுதியதும் வந்த கடிதங்களில் பாதி மைக்காவைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

மாத்தளையில் இருக்கும் மாமா ஒரு மைக்காத் தகடு தந்தார். உள்ளங்கை அகலம், விரல் தடிப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிவப்புப் புள்ளிகளும் கறுப்புக் கீற்றுகளும் தெரிகின்றன. பிளேட்டால் பிரித்து அந்தப் புள்ளிகளை வெளியே எடுக்கலாமா?
*வாசகர், உப்புவெளி*

வேண்டாம் தம்பி, முதலில் பிளேட்டைக் கீழே வையுங்கள். வெளியே எடுத்தால் உங்கள் கையில் மிஞ்சப் போவது கொஞ்சம் சிவப்புத் தூள். அது உள்ளே இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு, ஏனென்றால் அதன் வடிவத்தைத் தீர்மானித்ததே அது இருந்த இடம்.

மைக்கா வெற்றிலைக் கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் கனிமம். ஒவ்வோர் அடுக்கும் ஏறத்தாழ ஒரு நனோமீற்றர் தடிப்பு, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பொட்டாசியம் அயன்கள் லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும், அந்தப் பிடி பலமில்லாததால்தான் நகத்தாலேயே உரிக்க முடிகிறது. பாறை உருவாகும்போது மைக்காவும் வேறொரு கனிமமும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தால், தகட்டின் பரப்பு வாட்டத்தில் வேகமாக வளரும் மைக்கா மற்றதை மூடிவிடும். மூடப்பட்டதற்கு மேலேயும் கீழேயும் வளர இடமில்லை, பக்கவாட்டில்தான் பரவ வேண்டும். வெளியே என்றால் பன்னிரண்டு முகத்தோடு உருண்டையாக வளரும் கார்னற் என்ற சிவப்புக் கல், மைக்காவுக்குள் ஒளி ஊடுருவும் அளவுக்குத் தட்டையாகக் கிடக்கும். அமெரிக்காவில் வட கரோலினாவின் ஸ்புரூஸ் பைன் பகுதி மஸ்கோவைற் என்ற வெள்ளை மைக்காவில் இப்படிப்பட்ட தட்டைக் கார்னற்றுகள் பெயர்பெற்றவை. டூர்மலினும் குவாட்ஸும்கூட இதேபோல் நசுங்கின மாதிரி வளரும்.

கறுப்புக் கீற்று வேறு கதையாக இருக்கலாம். சில கனிமங்கள் வெளியிலிருந்து வந்து மாட்டிக்கொண்டவை அல்ல, மைக்காவுக்குள்ளேயே பிறந்தவை. சூடாக இருந்தபோது கரைந்திருந்த இரும்போ டைட்டேனியமோ, பாறை ஆறும்போது உள்ளே இருக்க இடமில்லாமல் தனியாகப் பிரிந்து ஊசியாகவும் தகடாகவும் படியும். அப்படிப் படியும்போது கண்டபடி படியாது, மைக்காவின் அணு வரிசை எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்றை வைத்துக் கீற்றுகளின் கோணத்தைப் பாருங்கள். ஒன்றுக்கொன்று 60 பாகையில் மூன்று திசைகளில் ஓடினால் பெரும்பாலும் மைக்காவோடு ஒட்டியே பிறந்தவை, மக்னரைற் அல்லது ஹெமரைற் என்ற இரும்புக் கனிமங்கள், அல்லது ரூட்டைல் என்ற டைட்டேனியக் கனிமம். தாறுமாறாகச் சிதறிக் கிடந்தால் வளரும்போது அகப்பட்டவை. மக்னரைற்றா என்று பார்க்க ஒரு பலமான சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தகட்டின் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், கொஞ்சம் அசைந்தாலும் விடை கிடைத்துவிடும். ஹெமரைற் மெல்லியதாக இருந்தால் ஒளியில் இரத்தச் சிவப்பாகத் தெரியும், அதனால் உங்கள் சிவப்புப் புள்ளியை உடனே கார்னற் என்று எழுதிவிடாதீர்கள். கார்னற்றுக்கு விளிம்பில் நேர்கோடுகள், அறுகோணமோ எண்கோணமோ ஏதாவது ஒரு ஒழுங்கு இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: உள்ளே தெரிவது உண்மையில் ஒரு பொருளா என்று உறுதிப்படுத்துவது. சேகரிப்பவர்களை அடிக்கடி ஏமாற்றுவது காற்று. அடுக்குகள் கொஞ்சம் விலகி இடையில் காற்று புகுந்தால் வானவில் நிறத்தில் வளையங்கள் தெரியும், பார்க்க வெகு அழகு, ஆனால் அங்கே எந்தக் கனிமமும் இல்லை. விரலால் அழுத்தினால் வளையம் நகரும். அடுத்தது துருக்கறை. மண்ணுக்குள் இருந்தபோது விளிம்பு வழியாக இரும்புத் தண்ணீர் கசிந்து காய்ந்த மஞ்சள், கபிலக் கறை அது. விளிம்பிலிருந்து உள்நோக்கிப் படர்ந்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவது, யாரோ எப்போதோ கூரான ஏதாவதால் குத்தியதில் உண்டான ஆறு கால் வெடிப்பு. மைக்காவைக் குத்தினால் எப்போதும் அப்படித்தான் வெடிக்கும், அதை நட்சத்திரக் கனிமம் என்று விற்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

விரல் தடிப்பில் இருப்பதால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்றால் மட்டும், புள்ளிகளுக்கு எட்டத்தில், விளிம்பில் ஏற்கெனவே வாய் திறந்திருக்கும் இடத்தில் மெல்லிய ஊசியை நுழைத்து ஒரேயொரு தடவை பிரியுங்கள். பிரிந்த இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.

கொட்டியாரக் குடாவில், மகாவலி கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்து மணலில் தங்க நிறத்தில் மினுங்குகிறது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். உண்மையிலேயே தங்கமா?
*வாசகி, மூதூர்*

இல்லை அக்கா, பயோரைற் என்ற கறுப்பு மைக்கா. மலைநாட்டுப் பாறைகளில் நிறைய உண்டு, மழையும் வெயிலும் பட்டு உக்கும்போது இரும்பு வெளியேறி வெளிறித் தங்க நிறம் வந்துவிடும். அதைத்தான் காக்காப்பொன் என்கிறோம். ஒரு சிரட்டையில் மணலும் தண்ணீருமாகச் சுழற்றிப் பாருங்கள். தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு பாரம், அடியிலேயே கிடக்கும். மைக்கா 3 மடங்குதான், போதாததற்குத் தட்டை, தண்ணீரோடு போய்விடும். ஊசியால் அழுத்தினால் தங்கம் நசுங்கும், மைக்கா உரியும்.

இதே காரணத்தால்தான் புல்மோட்டைக் கரையில் இல்மனைற், ரூட்டைல், சிர்கோன் போன்ற பாரமான கனிமங்கள் எல்லாம் கறுப்பு மணலாகக் குவிந்து கிடக்க, மைக்கா அங்கே பெரிதாக நிற்பதில்லை. அலை பாரமானதைக் கரையில் விட்டுவிட்டு, தட்டையானதை இழுத்துக்கொண்டு போய் அமைதியான ஆழத்தில் சேற்றோடு சேர்த்துவிடும். எனவே மைக்காவுக்குள் இருக்கும் கனிமத்தைத் தேடுபவர்களுக்குக் கடற்கரை சரிப்படாது. அங்கே கிடைப்பதெல்லாம் பொடி.

ஒரு கபில நிற மைக்காத் தகட்டைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து மின்குமிழைப் பார்த்தால் ஆறு கதிர் நட்சத்திரம் தெரிகிறது. தகட்டைத் திருப்பினால் நட்சத்திரமும் திரும்புகிறது. இதை மோதிரக் கல்லாக வெட்டலாமா?
*வாசகர், நிலாவெளி*

அருமையான துண்டு, பத்திரமாக வைத்திருங்கள். பெரும்பாலும் அது புளோகோபைற், மக்னீசியம் நிறைந்த மைக்கா. மாத்தளை, பதுளைப் பக்கம் இலங்கையில் அகழ்ந்த மைக்கா பெரும்பாலும் இந்த வகைதான். உங்கள் தகட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ரூட்டைல் ஊசிகள் மூன்று திசைகளில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு ஊசிக் கூட்டமும் ஒளியைத் தனக்குக் குறுக்காகச் சிதறடிக்கும், ஆக ஒரு கூட்டத்துக்கு ஒரு கோடு, மூன்று கூட்டத்துக்கு மூன்று கோடு, நடுவில் வெட்டிக்கொள்ளும்போது ஆறு கதிர். இரத்தினபுரிக் கடைகளில் பார்க்கும் நட்சத்திர நீலக்கல்லிலும் இதே ரூட்டைல்தான் இதே வேலையைச் செய்கிறது, அங்கே ஒளி மேலேயிருந்து பட்டுத் திரும்புகிறது, இங்கே ஊடுருவிப் போகிறது.

மோதிரம் நடக்காது. பத்து வரை போகும் கடின அளவில் நீலக்கல்லுக்கு 9, மைக்காவுக்கு இரண்டரைதான், நகம் பட்டாலே கீறிவிடும். இருட்டறை, ஒரு மெழுகுவர்த்தி, வீட்டுக்கு வரும் பிள்ளைகள், இது போதும் அதற்கு.

பயோரைற்றுக்குள் சிர்கோன் இருந்தால் அதைச் சுற்றிக் கறுப்பு வளையம் வரும், அது கதிர்வீச்சால் என்று படித்தேன். வீட்டில் வைத்திருப்பது ஆபத்தா?
*உயர்தர மாணவி, கிண்ணியா*

பயப்பட ஒன்றுமில்லை மகள். சிர்கோனுக்குள் இருக்கும் யுரேனியமும் தோரியமும் மிகக் கொஞ்சம், அதிலிருந்து வரும் அல்பாத் துணிக்கை மைக்காவுக்குள் ஒரு மில்லிமீற்றரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு தூரம்கூடத் தாண்டாது. அது நிற்கும் தூரம்தான் வளையத்தின் ஆரை. ஆகவே முழு வளையமும் ஒரு தலைமுடித் தடிப்பு அளவுதான், நுணுக்குக்காட்டி இல்லாமல் தெரியாது. இந்த விளக்கத்தை 1907இல் அயர்லாந்துக்காரர் ஜோன் ஜோலி கொடுத்தார், அதற்கு முன்னால் ஏதோ சாயம் என்றுதான் நினைத்திருந்தார்கள். இவ்வளவு சின்ன அளவு கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியும் கறையாக மாற எத்தனை கோடி ஆண்டு வேண்டும் என்று யோசியுங்கள். நமது நாட்டுப் பாறைகள் கடைசியாகப் பெரும் சூட்டில் வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், அதனால் நேரம் தாராளமாக இருந்திருக்கிறது. பாடசாலை ஆய்வுகூட நுணுக்குக்காட்டியில் மெல்லிய பயோரைற் உரியை வைத்துப் பாருங்கள், எல்லா உரியிலும் இருக்காது, பொறுமையாகத் தேட வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில். மைக்காவை அரைத்தாலோ அரத்தால் தேய்த்தாலோ வரும் தூள் நுரையீரலுக்குக் கூடாது. அந்த வேலையே செய்யாதீர்கள்.

பாடசாலையில் பிள்ளைகள் சேர்த்த மைக்காத் துண்டுகளை எப்படி வைப்பது? செலோரேப்பால் அட்டையில் ஒட்டினோம், பாதி உரிந்துவிட்டது.
*ஆசிரியை, தம்பலகாமம்*

ரீச்சர், மைக்காவை உரிக்க வேண்டுமென்றால் ஆய்வுகூடத்தில் பாவிப்பதே செலோரேப்தான்! பழைய சீடீ உறை நல்லது, இரண்டு பக்கமும் தெரியும், பிள்ளைகள் கையால் தொடாமல் ரோச் லைற்றில் பிடித்துப் பார்க்கலாம். தண்ணீரில் கழுவ வேண்டாம், விளிம்பு வழியாக இழுத்துக்கொண்டு அடுக்குக்கு நடுவில் நின்றுவிடும், நமது கடற்காற்றில் காயவும் மாட்டாது. மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும்.

அப்புறம் பெயர்ச் சீட்டு. கனிமத்தின் பெயரை இன்றைக்குத் தப்பாக எழுதினாலும் நாளைக்குத் திருத்தலாம், எந்த ஊரில், எந்தப் பாறையில் எடுத்தது என்பதை இன்றைக்கு எழுதாவிட்டால் பிறகு யாராலும் சொல்ல முடியாது. மாபிள் பாறையில் எடுத்த புளோகோபைற்றுக்குள் இருக்கும் சிவப்புத் துகள் ஸ்பினெலாகவும் இருக்கலாம். பெக்மரைற் என்ற பெரும்பளிங்குப் பாறையில் எடுத்த மஸ்கோவைற் என்றால் முதலில் கார்னற்றை யோசிப்போம். எப்பாவலைப் பொஸ்பேற் பாறையில் எடுத்தது என்றால் பக்கத்தில் அப்பரைற் என்ற பொஸ்பேற் கனிமமும் மக்னரைற்றும் இருப்பது இயல்பு. ஊர்ப் பெயர் இல்லாத மைக்கா எனக்கு அலங்காரப் பொருள்தான், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கறை இல்லாத மைக்காதான் உயர்ந்தது என்று கொழும்பில் ஒரு வியாபாரி சொன்னார். சரியா?
*வாசகர், சீனக்குடா*

அவருக்குச் சரி. மின்சாரச் சாமான்களில் மைக்கா காப்புப் பொருள், உள்ளே இரும்புக் கனிமம் இருந்தால் மின்சாரம் அங்கே துளைத்துக்கொண்டு போகும், அதனால் இந்தியாவின் மைக்கா ஊர்களான கொடர்மாவிலும் நெல்லூரிலும் தகடுகளைத் தரம் பிரிக்கும்போது தெளிந்ததை மேலேயும் புள்ளி விழுந்ததைக் கீழேயும் போட்டார்கள். நாம் அந்தக் கீழ்த்தரக் குவியலைத்தான் தேடுகிறோம். அவரிடம் கழிவு இருக்கிறதா என்று கேளுங்கள், விலையும் குறையும்.

கனடாவில் இருக்கும் அண்ணாவும் சேகரிப்பவர். சில துண்டுகளைப் பார்சலில் அனுப்பலாமா? நாங்களே தோண்டியும் எடுக்கலாமா?
*வாசகர், திருகோணமலை நகரம்*

தோண்டக் கூடாது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியப் பொருட்கள் சட்டப்படி நிலத்துக்குக் கீழே இருக்கும் கனிமம் அரசுக்குச் சொந்தம், அகழவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் அவர்களிடம் எழுதிக் கேளுங்கள், பரிசு, சின்னத் துண்டு என்று நீங்களே தீர்மானித்துப் பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். கோணேசர் மலையிலும் கோட்டைப் பக்கத்திலும் சுத்தியலோடு ஏறும் யோசனை யாருக்காவது இருந்தால் அதையும் இப்போதே விட்டுவிடுங்கள். அண்ணாவிடம் சொல்லுங்கள், ஒன்ராறியோ மாகாணத்துப் புளோகோபைற்றிலும் அந்த ஆறு கதிர் நட்சத்திரம் வரும், அவர் இருக்கும் நாட்டிலேயே நல்ல துண்டு தேடலாம்.