வெடியால ஐந்தரைக்கு எழுந்து காலேஜ் பஸ் பிடிக்கணும். பத்தரைக்குப் படுக்க நினைத்தும் ஒரு மணி ஆகிவிடுகிறது. எப்படி நிறுத்துவது?

கோபியிலிருந்து கோவைக்குத் தினமும் போய்வரும் மாணவர் என்று எழுதியிருக்கிறீர்கள். தடுக்க யாருமில்லாமலே, நினைத்த நேரம் தாண்டிப் படுக்கும் இந்தப் பழக்கத்தை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் தனியாக வரையறுத்தார்கள். தூக்கம் வராத நோய் வேறு, இது வேறு.

முதலில் கணக்கு. குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். கண் அயர 20 நிமிடம். ஆகவே 10.10-க்கு விளக்கை அணைக்க வேண்டும். பத்தரை என்பதே தாமதம்.

சிக்கல் தொடங்குவது இரவுச் சாப்பாடு முடிந்ததும். கட்டிலில் சாய்கிறீர்கள். பல் துலக்கவில்லை, பை எடுத்து வைக்கவில்லை, ரெக்கார்டு நோட்டில் இரண்டு பக்கம் பாக்கி. எழுந்தால் இத்தனை வேலை இருக்கிறதே என்றுதான் எழ மனம் வராமல் அடுத்த ரீல்ஸுக்குப் போகிறீர்கள். எனவே 9 மணிக்குள் பல் துலக்கி, பையும் ஐடி கார்டும் கதவோரம் வைத்து, சட்டையை இஸ்திரி போட்டுவிட்டு அப்புறம் உட்காருங்கள். சார்ஜரைக் கட்டிலருகே இருக்கும் பிளக்கில் மாட்டாதீர்கள், கூடத்தில் மாட்டுங்கள். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் போதும். "9.45 ஆனால் போன் கூடத்துக்குப் போகும்" என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் யோசித்தால் மனம் போன் பக்கம்தான் சாயும்.

பகல் முழுக்க வகுப்பும் பஸ்ஸும் தின்றுவிடுவதால், இரவு மட்டுமே சொந்த நேரமாகத் தெரிகிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன். வீடு வந்ததும் முக்கால் மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள். "வெட்டியா உட்கார்ந்திருக்கியே கண்ணு" என்று அம்மா சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பலர் தவறுவது, ஒரே நாளில் ஒரு மணியிலிருந்து பத்துக்குத் தாவுவதில். இந்த வயதில் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளி ஓடும்; தூக்கம் வராமல் புரண்டு, கை மறுபடி போனைத் தேடும். மூன்று நாளுக்கு 20 நிமிடம் வீதம் முன்னால் நகர்த்துங்கள். ஒரு மாதம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமையும் 6.30-க்கு மேல் தூங்க வேண்டாம். மாலை பஸ்ஸில் அசந்து தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும். தூங்கியே ஆக வேண்டுமென்றால் காலை பஸ்ஸில் தூங்குங்கள். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால் 4 மணிக்குப் பின் வேண்டாம்.

போனில்லாமல் நேரத்துக்குப் படுத்தும் வாரம் மூன்று இரவு தூக்கம் வராமல் மூன்று மாதம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.