வாசகர் கேள்வி: பாரி மகளிரின் வீட்டில் ஆத்தங்குடித் தரையா?

கேள்வி: பிரான்மலையைப் பறம்பு மலையாகக் கொண்டு, பாரியின் புதல்வியர் அங்கவை, சங்கவையைப் பற்றி ஒரு நாவல் எழுதிவருகிறேன். அரண்மனைக் காட்சிகளுக்கு எங்கள் பூர்வீகச் செட்டிநாட்டு வீட்டையும் அப்பத்தா சொன்ன பழக்கவழக்கங்களையும் மாதிரியாகக் கொண்டிருக்கிறேன். சான்றுகள் குறைவாக இருப்பதால் எவ்வளவு தூரம் கற்பனை செய்யலாம்?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் அந்த வீட்டைக் கதையிலிருந்து காலி செய்துவிடுங்கள். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடித் தரையும் கடல் கடந்து கொண்டுவிற்ற தலைமுறைகளின் செல்வத்தில் வந்தவை. மிளகாயும் போர்த்துகீசியர் காலத்துக்குப் பிறகே இங்கு வந்தது என்பதால், இளவரசியர் உண்ணும் குழம்புக்கு மிளகுதான் காரம்.

சான்று குறைவு என்கிறீர்கள். புறநானூற்றின் 116ஆம் பாடலை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். முள்வேலி, பஞ்சு கிடக்கும் முற்றம், சுரைக்கொடி படர்ந்த சிறுவீடு, அதன் பக்கத்தில் ஈத்திலைக் குப்பை என ஒரு காட்சிக்கு வேண்டிய அனைத்தையும் பாரியின் நண்பரான புலவர் கபிலர் வைத்திருக்கிறார். பாரி மாண்டு, பறம்பு பறிபோன பிறகான காட்சி அது. அந்தக் குப்பைமேட்டில் ஏறி நின்றுதான் பாரியின் பெண்கள் வழியில் போகும் உமணரின் (உப்பு வணிகரின்) உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். முன்பு அவர்கள் மலைமேலிருந்து எண்ணியவையோ, படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகள். எண்ணும் பழக்கம் போகவில்லை, எண்ணப்படும் பொருள்தான் மாறிவிட்டது. அப்பத்தா உங்களுக்கு உதவக்கூடிய இடம் இதுதான். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்த பின், அங்கே போட்ட முதல் திரும்பாத வீடுகளில், பெண்கள் எதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று அவரிடம் கேட்டிருப்பீர்களானால், அந்தப் பதில் முற்றத்துத் தூண்களைவிடப் பயன்படும்.

பெயர்களில் கவனம் தேவை. ‘அற்றைத் திங்கள்’ எனத் தொடங்கும் ஐந்தடிப் பாடலைப் பாடியவர் ‘பாரி மகளிர்’ என்றே புறநானூறு குறிக்கிறது. அங்கவை, சங்கவை என்பன பிற்கால மரபு தந்த பெயர்கள். வைத்துக்கொள்ளலாம், சங்ககாலச் சான்று என்று முன்னுரையில் எழுதிவிடாதீர்கள்.

முடிவில்தான் உண்மையான சிக்கல். கபிலர் அவர்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைக்கச் சென்றதாகப் புறநானூற்றுக் குறிப்பு சொல்கிறது. அவர் பாரியின் மகளைத் திருக்கோவலூர்த் தலைவனான மலையனுக்குக் கொடுத்ததாக இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. ஔவையார் மணம் முடித்து வைத்ததாகத் தனிப்பாடல் மரபு சொல்கிறது. மூன்றையும் ஒட்டவைத்தால் கதை குழம்பும். ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள்.

நானாக இருந்தால் அங்குவரை போகமாட்டேன். விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற குறுநில மன்னர்களிடம் ‘இவர்களை மணந்துகொள்’ என்று கபிலர் கேட்கும் 200, 201, 202ஆம் பாடல்களில் அவர் பேசுகிறார், மன்னன் கேட்கிறான், இருங்கோவேள் மறுத்ததும் அவர் சினந்து திரும்புகிறார். பக்கத்தில் நிற்கும் பெண்கள் மட்டும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஐந்தடியில் நிலவைப் பாடத் தெரிந்தவர்கள் அந்த வாசலிலிருந்து திரும்பி நடக்கும்போது தமக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுத உங்களுக்கு எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை.