மாமா வீட்டில் அம்மா பங்கு

கேள்வி: வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு 62,000 ரூபாய் வருகிறது. ஈரோட்டில் தாய்மாமாவின் வீட்டை 42 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். தாத்தா 1978-ல் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. பாட்டி முன்பே போய்விட்டார். தாத்தா உயில் எழுதாமல் 2009-ல் இறந்தார். ஏழு மாதம் முன்பு பர்சனல் லோன் 3.5 லட்சம், நகைக்கடன் 2.5 லட்சம் எடுத்து, 6 லட்சத்தை மாமா கையில் ரொக்கமாகக் கொடுத்தேன். எழுத்தில் எதுவும் இல்லை. மூலப்பத்திரம் ஒரு பைனான்ஸ்காரரிடம் அடமானத்தில் இருக்கிறது, இன்னொரு 5 லட்சம் தந்தால் மீட்டுவிடலாம் என்று இப்போது சொல்கிறார். ஈ.சி.யில் (வில்லங்கச் சான்றில்) வில்லங்கம் எதுவும் வரவில்லை. மியூச்சுவல் ஃபண்டை ஈடாக வைத்துப் பத்து நிமிடத்தில் கடன் தருகிற ஆப் ஒன்று இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பத்து நிமிடத்தில் கிடைக்கிற கடன் பத்து நிமிடம்கூட யோசிக்க விடாது. ஆனால் உங்கள் சிக்கல் அந்த ஆப் இல்லை. சொந்தக்காரர் வாய் திறந்ததும் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, காகிதத்தை அப்புறம் கேட்கிறீர்களே, அதுதான். பர்சனல் லோனுக்கு 14, நகைக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 6,200 ரூபாய் வட்டி. ஏழு மாதத்தில் 43,000 போயாயிற்று. கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

ஈ.சி.யை நம்பி உட்கார்ந்திருக்கிறீர்கள். பதிவானது மட்டும்தான் அதில் வரும். பத்திரத்தைக் கொடுத்துக் கைமாற்றாக வாங்கிய கடன் வராது. தாத்தா இறந்ததும் வாரிசு யார் யார் என்பதும் வராது.

வாரிசு என்றதும் எனக்கு உறுத்துவது ஒன்று. உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. உங்கள் அம்மாவும் ஒரு மகள்தானே? மாமா, அம்மா, ஒரு பெரியம்மா என மூவர் மட்டும் என்று எடுத்துக்கொண்டால் ஆளுக்கு 14 லட்சம். அதாவது அம்மாவின் பங்குக்கும் சேர்த்து மாமாவிடம் விலை பேசியிருக்கிறீர்கள்! “எனக்கு ஒன்றும் வேண்டாம், அண்ணனே வைத்துக்கொள்ளட்டும்” என்று அம்மா எப்போதோ சொல்லியிருக்கலாம். வாயால் சொன்னால் பங்கு போய்விடாது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும்.

தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்று 1882-ம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-ம் பிரிவு விற்பவருக்கு விதிக்கிறது. சுவர் ஓதமும் அதில் வரலாம், உரிமைக் குறையும் வரலாம். அந்த ‘சாதாரணக் கவனம்’தான் உங்களை மாட்டிவிடும். மூலப்பத்திரத்தைக் காட்டச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பின்னால் வழக்கு என்று போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் கேட்பார். ரொக்கம் வேறு. சொத்து முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகையை அபராதமாக விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. மாமாவுக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். மாமா பங்கு 14. 6 கொடுத்தாயிற்று, பாக்கி 8. அதில் 5 லட்சத்தைப் பைனான்ஸ்காரர் பெயருக்கு நேரடியாக டி.டி. எடுத்து, மூலப்பத்திரம் கைக்கு வரும் அதே நேரத்தில் கொடுங்கள். அதற்கு முன் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். ‘5 லட்சம்’ என்பது வட்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று யாருக்குத் தெரியும். மீதி 3 மாமாவுக்கு, 14 பெரியம்மாவுக்கு. அம்மா மனமுவந்து தன் பங்கை உங்களுக்கு விலை வாங்காமல் செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதித் தந்தால் இனிப் புரட்ட வேண்டியது 36 லட்சம் இல்லை, 22 லட்சம். வீட்டுக்கடன் 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை 31,000-லிருந்து 19,000-க்கு இறங்கும். முத்திரைத்தாள், பதிவு இரண்டும் சேர்ந்து 9 சதவீதம். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு உங்கள் விலையைத் தாண்டாவிட்டால் அதிலும் ஒரு லட்சத்துக்கு மேல் மிஞ்சும். அம்மா பணமாகத்தான் வேண்டும் என்றால் அது அவர் உரிமை, முகம் சுளிக்காதீர்கள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கொடுத்த 6 லட்சத்தையும் குறிப்பிட்டு, பங்குதாரர்கள் எல்லோரும் கையெழுத்திடும் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மாமாவிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கினால் வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக்குப் போங்கள். தங்கை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்து வக்கீலைப் பார்க்கலாம்.