கட்டி ஏன் கல்லாட்டம் இருக்கிறது?

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கட்டி கல் மாதிரி இருக்கிறது. அத்தனையும் புற்றுசெல்தானா டாக்டர்? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லையம்மா. சாயம் ஏற்றிய பயாப்சி ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஊதா நிறத்தில் புற்றுசெல்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். நடுவே ரோஸ் நிறத்தில் நார் நாராக ஓடுவது கொலாஜன் என்ற புரதம். கல்தன்மை பெரும்பாலும் அதனால்தான். அதைச் சுரப்பவை பக்கத்திலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். தூண்டிவிடுவது புற்றுசெல், பதிலுக்கு இவை அதன் வளர்ச்சிக்கு ரசாயனம் கொடுக்கின்றன. காவலுக்கு வந்த மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்லும் சிலசமயம் கட்சி மாறி, புது ரத்தக்குழாய் முளைக்க உதவும். நல்ல கூட்டணி!

இப்படிச் சுற்றுப்புறமும் புற்றுசெல்லை ஆட்டிவைக்கும் என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். 1997-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் மீனா பிஸ்ஸெல் குழுவினர், செல் தன் சுற்றுப்புறத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் தடுத்தார்கள். ஜெல்லில் தாறுமாறாக வளர்ந்த மார்பகப் புற்றுசெல்கள் ஒழுங்கான உருண்டைகளாக அடங்கின. ஆய்வகத்தில்தான், நோயாளியிடம் அல்ல.

சரி, கட்டியின் கெட்டித்தன்மையை வைத்து ஸ்டேஜை நீங்களே முடிவு செய்யாதீர்கள். ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (இவை ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) வரிகளைக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள்.