கப்பல் ஆறு மணி நேரம்தான் நிற்கும்: எபேசுவைத் தனி கைடு வைத்துப் பார்க்கலாமா?

கேள்வி: அக்டோபர் கடைசியில் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நான்கு நாள் குரூஸ் போகிறோம். நான், மனைவி, அப்பா (72), அம்மா (68). இரண்டாம் நாள் காலை 7 மணிக்குத் துருக்கியின் குஷாதசியில் கப்பல் நிற்கும். பகல் 1 மணிக்குக் கிளம்பிவிடும். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எபேசு என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகளைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். அம்மாவுக்கு அங்கேயுள்ள மாதா வீட்டைப் பார்க்கவேண்டும். ஆனால் முழங்கால் வலி, சேர்ந்தாற்போல அரை கிலோமீட்டர் நடந்தால் உட்கார்ந்துவிடுவார். கப்பல்காரர்களின் பஸ்ஸிலேயே போவதா, தனியாக கைடும் வண்டியும் பிடிப்பதா? தனியாகப் போய்த் தாமதமானால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: உண்மைதான். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலா பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவை அவர்கள் ஏற்பார்கள். நீங்களே அமர்த்திய வண்டி தாமதமானால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். பஸ் டூருக்கு அவர்கள் கூடுதலாக வாங்கும் பணத்தில் பாதி இந்த நிம்மதிக்குத்தான்.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் தனி வண்டிதான் என்பேன். முதல் காரணம் தூரம். குஷாதசியிலிருந்து எபேசு ஏறக்குறைய 20 கிலோமீட்டர், நல்ல சாலை, அரை மணிக்குள் போய்விடலாம். துறைமுகத்திலிருந்து ரோமுக்கோ கெய்ரோவுக்கோ போய்த் திரும்பும் பயணமாக இருந்தால் பேசாமல் கப்பல் பஸ்ஸில் ஏறுங்கள் என்று சொல்லியிருப்பேன். இரண்டாவது காரணம் அம்மாவின் முழங்கால். நாற்பது பேர் போகும் பஸ்ஸில், கைடு பிடித்திருக்கும் கொடிக்குப் பின்னால் எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்கவேண்டும். பாதியில் உட்கார முடியாது, திரும்பவும் முடியாது. தனி வண்டி என்றால் ஆடம்பரம் என்று நினைக்கவேண்டாம். உங்கள் வீட்டில் நாலு பேருக்கு மூன்று விதமான வேகம் இருக்கிறது, அதற்குத்தான் அது. பஸ்ஸுக்கு ஆள் கணக்கில் காசு. தனி வண்டிக்குப் பெரும்பாலும் வண்டிக் கணக்கு. நாலு பேர் சேர்ந்தால் வித்தியாசம் அவ்வளவாக இருக்காது, இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கைடைத் தேடும் முன் விசாவைப் பாருங்கள். இதில்தான் நம்மவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். கிரீஸில் ஏறி, துருக்கியைத் தொட்டு, மறுபடி கிரீஸுக்குள் வருகிறீர்கள். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் துருக்கி இல்லை. ஆகவே உங்களிடம் ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா இருந்தால் கப்பலில் ஏறவே விடமாட்டார்கள். பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும், விண்ணப்பத்திலேயே குரூஸ் பயணத் திட்டத்தை இணைத்துக் கேளுங்கள். துருக்கி பக்கம், சுற்றுலாக் கப்பலில் வந்து துறைமுக ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் பார்த்துவிட்டு 72 மணி நேரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு விசா விலக்கு உண்டு. உள்ளூர் அதிகாரிகளின் அனுமதியைப் பொறுத்தது அது. அதனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இந்தப் பயணத்தில் என்ன நடைமுறை என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள். தொலைபேசியில் சொன்ன வார்த்தை கப்பல் ஏறும் வாசலில் செல்லாது.

சரி, கைடு. துருக்கியில் வழிகாட்டித் தொழிலுக்கு 2012இல் தனிச் சட்டமே வந்தது. உரிமம் பெற்றவர்தான் தொல்லியல் இடங்களில் கூட வந்து விளக்கலாம். புகைப்படத்தோடு கூடிய அடையாள அட்டை கழுத்தில் தொங்கும், அதை ‘கொகார்த்’ என்பார்கள். வண்டி ஓட்டுபவர் வேறு, கைடு வேறு. ‘டிரைவரே எல்லாம் சொல்வார்’ என்று ஒரு மலிவான விலை வந்தால், அந்த டிரைவர் வாசலோடு நின்றுவிடுவார் என்று அர்த்தம். நான் அனுப்பிவைத்த ஒரு குடும்பத்துக்கே இது நடந்தது. டிரைவர் மேல் வாசலில் இறக்கிவிட்டு, ‘நேரே இறங்குங்கள், கீழே நிற்கிறேன்’ என்று சொல்லிவிட்டார். இரண்டாயிரம் ஆண்டு ஊருக்குள் அவர்கள் கையில் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும். அன்றிலிருந்து உரிம எண்ணைக் கேட்டு வாங்காமல் நான் யாரையும் பதிவு செய்வதில்லை.

தமிழில் பேசும் கைடு கிடைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆங்கிலம்தான். அப்பாவுக்கு அது சிரமமாக இராது. அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும்.

விலை பேசும்போது மூன்று விஷயம் எழுத்தில் வரட்டும். நுழைவுக் கட்டணம் உள்ளே சேர்ந்ததா, தனியா? எபேசுவுக்கு ஒரு டிக்கெட், அதற்குள்ளேயே இருக்கும் பழங்காலப் பணக்காரர்களின் மாடி வீடுகளுக்கு இன்னொன்று, மாதா வீட்டுக்கு வேறொன்று. வெளிநாட்டவருக்கு யூரோ கணக்கில் நாலு பேருக்குச் சேர்ந்தால் கணிசமான தொகை ஆகும். அடுத்து, காற்றோ கடலோ மோசமாகிக் கப்பல் குஷாதசியில் நிற்காமல் போனால் முன்பணம் முழுதும் திரும்ப வரவேண்டும். மூன்றாவது, கடை வேண்டாம். கம்பள நெசவு பார்க்கலாம், தோல் ஆடைக் காட்சி பார்க்கலாம், ஆப்பிள் டீ இலவசம் என்று அழைத்துப் போவார்கள். டீ இலவசம்தான், முக்கால் மணி நேரம் போய்விடும். ஆறு மணி நேரத்தில் உங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

இப்போது அந்தக் காலையை எப்படி ஓட்டுவது என்று பார்ப்போம். கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கப்பல் 1 மணிக்குக் கிளம்பும் என்றால் எல்லோரும் ஏறியிருக்கவேண்டிய நேரம் 12:30 ஆக இருக்கும். முந்தின இரவு அறைக்கு வரும் தினசரித் தாளில் பாருங்கள். 12 மணிக்குத் துறைமுக வாசலில் இருந்தாகவேண்டும் என்று கைடிடம் சொல்லுங்கள். 11:30க்கு எபேசுவை விட்டால் போதும். குஷாதசியில் கப்பல் வழக்கமாக மேடையை ஒட்டியே நிற்கும், படகில் மாறி இறங்கும் தொல்லை இல்லை. 7:30க்கு வண்டியில் ஏறிவிட்டால் உங்கள் கையில் நாலு மணி நேரம்.

முதலில் மாதா வீடு. புல்புல் மலை மேல் மரங்களுக்கு நடுவே ஒரு சிறிய கல் கட்டடம். கட்டடத்தைப் பார்த்தவுடன் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும், அம்மாவை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். வேளாங்கண்ணி மாதிரியோ உங்கள் ஊர் பனிமய மாதா கோயில் மாதிரியோ எதிர்பார்த்துப் போகக்கூடாது. ஜெர்மனியை விட்டு வெளியே போகாத ஆன் கத்தரீன் எம்மரிக் என்ற கன்னிகாஸ்திரீ காட்சியில் கண்டதாகச் சொன்ன வர்ணனையை வைத்துக்கொண்டு, 1891இல் இஸ்மிரிலிருந்து வந்த லாசரிஸ்ட் சபைக் குருக்கள் தேடிக் கண்டுபிடித்த இடம். இதுதான் மாதா வாழ்ந்த வீடு என்று திருச்சபை அறுதியிட்டுச் சொன்னதில்லை. ஆனால் 1967, 1979, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று திருத்தந்தையர் இங்கே வந்து ஜெபித்திருக்கிறார்கள். உள்ளே படம் எடுக்கக்கூடாது. கீழே ஊற்றுத் தண்ணீர்க் குழாய்கள், பக்கத்துச் சுவர் முழுக்க வேண்டுதல் எழுதிக் கட்டிய தாளும் துணியும். அந்தச் சுவரைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். பிடித்துப் பிடித்து நடந்தாலும் அரை மணியில் முடியும்.

அங்கிருந்து இறங்கும் அதே சாலையில்தான் எபேசுவின் மேல் வாசல். இடிபாடுகளுக்கு இரண்டு வாசல். மேல் வாசலில் நுழைந்து சரிவில் இறங்கிக் கீழ் வாசலில் வெளியேறுவதுதான் முறை. கீழிருந்து ஏறுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இங்கேதான் தனி வண்டியின் பலன். நீங்களும் அப்பாவும் கைடும் மேல் வாசலில் இறங்குங்கள். அம்மாவும் உங்கள் மனைவியும் அதே வண்டியில் கீழ் வாசலுக்குப் போகட்டும். அங்கிருந்து பெரிய அரங்கம் வரை சில நூறு மீட்டர், ஓரளவு சமதரை, வழியில் உட்காரலாம். முழங்கால் ஒத்துழைத்தால் அரங்கத்திலிருந்து பளிங்கு வீதி வழியாகச் செல்சஸ் நூலகம் வரை வந்து, அதன் முன்படிக்கட்டில் உங்களோடு சேர்ந்துகொள்ளலாம். முடியாவிட்டால் அரங்கத்திலேயே இருக்கட்டும், நீங்கள் அந்த வழியாகத்தான் இறங்கவேண்டும். சந்திக்கும் இடமும் நேரமும் வாய்ப்பேச்சிலேயே முடிவாகட்டும். ஐரோப்பாவுக்கு என்று வாங்கும் சிம் பல, துருக்கியில் வேலை செய்யாது.

கீழ் வாசலுக்கு அருகிலேயே அம்மாவுக்கு இன்னொன்று இருக்கிறது, பெரும்பாலான பஸ் கூட்டம் அதை எட்டிப் பார்ப்பதில்லை. மரியா ஆலயத்தின் இடிபாடு. 431இல் கூடிய எபேசு பொதுச்சங்கம் மரியாவை ‘இறைவனின் தாய்’ என்று அழைப்பதை உறுதி செய்தது இங்கேதான் என்பது மரபு. அம்மா தினமும் ஜெபமாலையில் ‘இறைவனின் தாயே’ என்று சொல்கிறாரே, அந்தப் பட்டத்துக்கு நடந்த வழக்கு இந்தக் கல்தரையில்தான் தீர்ந்தது. மலைமேல் வீட்டைவிட இது அவரை அதிகம் அசைத்தாலும் ஆச்சரியமில்லை.

அப்பாவுக்கு நூலகம். செல்சஸ் என்ற ரோமானிய ஆளுநர் நினைவாக அவர் மகன் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. செல்சஸ் உடல் வைத்த கல்பெட்டி அடியிலேயே இருக்கிறது. இப்போது நிமிர்ந்து நிற்கும் முகப்பு, விழுந்து கிடந்த கற்களை எடுத்து 1970களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் மறுபடி அடுக்கியது. மாடங்களில் நிற்கும் நாலு பெண் சிலைகள் நகல், மூலங்கள் வியன்னாவில். முகப்பை நேரே பார்த்து நின்று தூண்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். நடுவில் உள்ளவை ஓரத்தில் உள்ளவற்றைவிடப் பெரியவை, அடிமேடையும் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். இரண்டு பக்கமும் கட்டடங்கள் நெருக்கியதால், இருக்கும் இடத்தில் பெரிதாகத் தெரியவேண்டும் என்று செய்த கண்கட்டு வேலை. முகப்பு கிழக்குப் பார்த்தது, காலை வெயில் நேரே விழும். பத்து மணிக்கு அங்கே கூட்டம் இருக்கும்தான். மாதா வீட்டை முதலில் வைத்ததற்கு நீங்கள் தரும் விலை அது.

மாடி வீடுகளுக்குத் தனி டிக்கெட் வாங்கத் தயங்காதீர்கள். கூரை போட்டு மூடியிருக்கிறார்கள். பணக்கார எபேசியர் வீட்டுச் சுவர் ஓவியமும் தரையில் மொசைக்கும் அப்படியே இருக்கின்றன. மேசை மேசையாகப் பளிங்குத் துண்டுகளைப் பரப்பி ஒட்டவைக்கும் வேலையும் நடக்கும். படி அதிகம், அம்மாவுக்கு இது வேண்டாம்.

கைடு நல்லவரா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சோதனை உண்டு. பளிங்கு வீதியில் ஒரு கல்லில் பாதச் சுவடும் பெண் உருவமும் கீறியிருக்கும். ‘உலகின் முதல் விளம்பரம், விலைமாதர் வீட்டுக்கு வழி’ என்று அடித்துச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ‘அப்படி ஒரு கதை சொல்வார்கள்’ என்று ஆரம்பிப்பவர் கிடைத்தால் அப்பா அதிர்ஷ்டசாலி.

பெரிய அரங்கத்தில் ஏறவேண்டியதில்லை, கீழே நின்றாலே போதும். சுமார் 25,000 பேர் உட்காரும் இடம். தேவியின் வெள்ளிக் கோயில் பொம்மை செய்து விற்ற தெமேத்திரியு, கிறிஸ்தவம் போதிக்க வந்த பவுலால் வியாபாரம் போச்சு என்று கிளப்பிய கலகம் இங்கேதான் வந்து முடிந்தது. இரண்டு மணி நேரம் கத்தினார்களாம். பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தத் தேவி தியானாள், அதாவது ஆர்ட்டெமிஸ். அவளுடைய கோயில் ஏழு அதிசயங்களில் ஒன்று. இன்று செல்ச்சுக் ஊரோரச் சேற்று நிலத்தில் துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒரே ஒரு தூண், அதன் தலையில் நாரைக் கூடு. நேரம் மிஞ்சினால் வண்டியிலிருந்தே பார்க்கலாம்.

அரங்கத்துக்கு எதிரே நேராகப் போகும் தெருவின் கோடியில் கடலைத் தேடாதீர்கள். ஒருகாலத்தில் துறைமுகம் அங்கேதான் இருந்தது. ஆற்று வண்டல் அடைத்து அடைத்துக் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. நம் கொற்கைக்கு நடந்ததேதான். தூத்துக்குடிக்காரருக்கு இதை விளக்க கைடு தேவையில்லை.

ரப்பர் அடி உள்ள ஷூ போடுங்கள், பளிங்கு தேய்ந்து வழவழத்துக் கிடக்கிறது. அக்டோபர் கடைசியில் மழை பெய்தால் சறுக்கும். கழிப்பறை வாசல் பக்கம்தான், உள்ளே நடுவில் இருப்பது ரோமானியர் காலத்தது, பார்க்க மட்டும்.

இன்னொன்று, கடிகாரம். துருக்கி ஆண்டு முழுதும் ஒரே நேரம் வைத்திருக்கிறது. கிரீஸ் அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும். நீங்கள் போவது அந்த ஞாயிறுக்குப் பிறகு என்றால், கப்பலில் காலை 7 ஆகும்போது குஷாதசியில் 8. கப்பல் நேரம் மாற்றினாலும் மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். போன் தானாகத் துருக்கி நேரத்துக்குப் போய்விடும். இதில் குழம்பினால் கைடு ஒரு மணி நேரம் வாசலில் நிற்பார், காத்திருப்புக் கூலியும் கேட்பார்; கப்பல் துருக்கி நேரத்துக்கு மாறியதைக் கவனிக்காவிட்டால் கப்பலையே தவறவிடலாம். கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டி அதைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தினசரித் தாளில் துறைமுக ஏஜெண்ட் எண் இருக்கும், அதையும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். பல கப்பல்களில் பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கைடுக்கு எழுதும்போது கப்பல் பெயர், தேதி, ஏறவேண்டிய நேரம், இது கப்பல் நேரமா உள்ளூர் நேரமா என்பது, பெயர்ப் பலகையோடு எங்கே நிற்பார் என்பது எல்லாம் ஒரே செய்தியில் போகட்டும். அங்கே வருவது பெரும்பாலும் உயரமான வேன். அம்மா ஏற ஒரு சின்ன முக்காலி கொண்டுவரச் சொல்லி அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.