சர்க்கரைச் சங்கிலியை வாசித்தல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். சொந்த ஊர் ஆத்தூர் பக்கம். வீட்டில் குச்சிக்கிழங்குதான் சாகுபடி. அறுவடை முழுவதும் சேகோ ஆலைக்குப் போகிறது. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள், அதனால்தான் கிழங்கு விலை விழுகிறது என்று அப்பா வருடா வருடம் புலம்புவார். டி.என்.ஏ.வை முழுதாகப் படித்துத் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. மாவுச்சத்தையும் அப்படிப் படித்து, இது கிழங்கு, இது சோளம் என்று ஏன் சொல்ல முடியவில்லை? இன்னொன்று: மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கும்போது மெத்திலேற்றம் போன்ற, சர்க்கரைப் பிணைப்புகளைக் கண்டறியும் பழைய முறைகளை நாங்கள் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்?

கோமதி

அன்புள்ள கோமதி,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால்தான் அப்பாவின் கேள்விக்குள் நுழைய முடியும்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எடை பார்க்கும் கருவி. குளுக்கோஸ், காலக்டோஸ், மேனோஸ் மூன்றுக்கும் மூலக்கூறு எடை 180. சங்கிலியில் கோத்தால் தண்ணீர் நீங்கி 162. சங்கிலியை உடைத்துக் கொடுத்தால் கருவி 162, 162, 162 என்று சொல்லிக்கொண்டே போகும். அது எந்தச் சர்க்கரை, எந்தக் கார்பனில் பிணைந்திருக்கிறது, பிணைப்பு நோக்கும் திசை ஆல்ஃபாவா பீட்டாவா, கிளை எங்கே என்பதெல்லாம் எடைக்குள் அடங்காது. மூன்று வெவ்வேறு அமினோ அமிலங்களை வரிசையாகக் கோக்க ஆறு வழிகளே உண்டு. மூன்று ஹெக்சோஸ் (ஆறு கார்பன்) சர்க்கரைகளைக் கோக்க, எவற்றை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, 1,056 முதல் 27,648 வழிகள் வரை உண்டு. வகுப்பில் கார்போஹைட்ரேட்டை அவசரமாகக் கடந்துபோகிறவர்கள் இந்த இரண்டு எண்களையாவது கரும்பலகையில் எழுதிவிட்டுப் போகலாம்.

மெத்திலேற்றத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். கையால் செய்து பாருங்கள். நன்கு உலர்த்திய மாவுச்சத்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, வலுவான காரத்தோடு மெத்தில் அயோடைடு சேர்க்கிறோம். ஹகோமோரி என்ற வேதியியலாளர் 1964இல் தந்த வழி இது. பிணைப்பில் சேராமல் சும்மா இருக்கும் ஹைட்ராக்சில்கள் (OH தொகுதிகள்) எல்லாம் மெத்தில் பூசிக்கொள்ளும். பிறகு அமிலம் சங்கிலியை உடைக்கிறது. சுவரில் படம் மாட்டியபடியே வெள்ளையடித்துவிட்டு, படத்தை எடுத்துப் பார்ப்பது போன்றது இது. மெத்தில் படாத இடம்தான் பிணைப்பு இருந்த இடம். அடுத்து போரோடியூட்டிரைடால் ஒடுக்கி, அசிட்டைலேற்றி, துண்டுகளைப் பிரித்து எடை பார்க்கும் ஜி.சி.எம்.எஸ். கருவியில் செலுத்தினால் மூன்று குறிகள் வரும். 2,3,6-டிரைமெத்தில் குளுக்கோஸ், நீளமாக ஓடும் சங்கிலியின் சாட்சி. அதுதான் ஓங்கி நிற்கும். 2,3,4,6-டெட்ராமெத்தில், சங்கிலியின் முனை. 2,3-டைமெத்தில், கிளை பிரிந்த இடம். மாவுச்சத்தின் கிளைத்த வகையான அமைலோபெக்டினில் ஏறத்தாழ 20 முதல் 25 குளுக்கோஸுக்கு ஒரு கிளை என்று சொல்கிறோமே, அதை இந்தச் சின்னக் குறியிலிருந்து நீங்களே கணக்கிட்டுவிடலாம். இந்த வேலையை ஒரு முறை செய்தவருக்குப் பிணைப்பு என்பது பாடப்புத்தகப் படம் அல்ல.

இதற்கும் எல்லை உண்டு. கிழங்கு மாவை வைத்துவிட்டு, சேலத்துத் தறியில் ஓடும் பருத்தி நூலை எடுத்து இதே சோதனையைச் செய்யுங்கள். பருத்தியில் உள்ள செல்லுலோஸும் அதே 2,3,6-டிரைமெத்தில் குளுக்கோஸைத்தான் தரும். ஒன்று சோறு, ஒன்று துணி. மெத்திலேற்றத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அணுக்கருக்களின் காந்தக் குறிகளைப் படிக்கும் என்.எம்.ஆர். அதைச் சொல்லும். முதல் கார்பனில் உள்ள ஹைட்ரஜனின் குறி மாவுச்சத்தின் ஆல்ஃபா பிணைப்பில் 5.4 பி.பி.எம். (குறியின் இடத்தைச் சொல்லும் அலகு) அருகே வரும், செல்லுலோஸின் பீட்டாவில் 4.5 அருகே. நொதிகளும் சொல்லும்: அமைலேஸ் மாவுச்சத்தை வெட்டும், பருத்தியைத் தொடாது.

ஆகவே ஒரே கருவியை நம்புவது இந்தத் துறையில் ஆபத்து. 2008இல் அமெரிக்காவில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்ட பலர் கடுமையான ஒவ்வாமைக்கு ஆளானார்கள், இறந்தவர்களும் உண்டு. சல்ஃபேட் மிகையாக ஏற்றிய காண்ட்ராய்டின் அந்த மருந்தில் கலந்திருந்தது. அதுவும் ஒரு சர்க்கரைச் சங்கிலிதான். வழக்கமான தரச்சோதனைகள் அதைப் பிடிக்கவில்லை. ஹெப்பாரினின் அசிட்டைல் குறி 2.04 பி.பி.எம்.மில் இருக்க, பக்கத்தில் 2.15 அருகே இருக்கக் கூடாத இன்னொரு குறி நின்றதை என்.எம்.ஆர். காட்டியது.

இப்போது அப்பாவின் கேள்வி. டி.என்.ஏ.வுக்கு அச்சு உண்டு. ஒன்றைப் பார்த்து இன்னொன்று உருவாகும், நாமும் பெருக்கிக்கொள்ளலாம். மாவுச்சத்துக்கு அச்சு கிடையாது. நொதிகள் சேர்த்துச் சேர்த்துக் கட்டுவதால் ஒரே கிழங்கில் இரண்டு அமைலோபெக்டின் மூலக்கூறுகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. படிக்க ஒரே வரிசை என்று ஒன்று அங்கே இல்லை; கிடைப்பது சராசரியும் பரவலும்தான். ஐசோஅமைலேஸ் என்ற நொதியைக் கொண்டு கிளைகளை அறுத்து, எத்தனை நீளத்தில் எத்தனை துண்டுகள் என்று எண்ணலாம். ஆனால் கிழங்கிலும் சோளத்திலும் சர்க்கரையும் அதே, பிணைப்புகளும் அவையே. அநேகமாகக் கிளையற்ற வகையான அமைலோஸின் அளவு கிழங்கில் 20 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, சாதாரண மக்காச்சோளத்தில் 25 சதவீதத்தை ஒட்டி. ரகத்துக்கு ரகம் அது மாறுவதால், கொஞ்சமாகக் கலந்ததை இதை வைத்து நிரூபிக்க முடியாது.

கலப்படத்தைக் காட்டிக்கொடுப்பது கார்பன்தான். மக்காச்சோளம் சி4 தாவரம், அதாவது காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் வழி கிழங்குச் செடியின் வழியிலிருந்து வேறு. அதன் மாவில் கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் ஐசோடோப் கிழங்கு மாவில் இருப்பதைவிட ஆயிரத்துக்குப் பத்துக்கும் மேல் கூடுதல். வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்த விகிதம் அநேகமாக அப்படியே நிற்கும். சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. அந்தப் பெயரைக் காக்க ஐசோடோப் சோதனை வாடிக்கையாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிழங்குக்கு விலை கேட்டு நிற்கும் விவசாயியின் கையில் அறிக்கை ஒன்று இருக்க வேண்டும்.

உங்கள் கல்லூரியில் அந்தக் கருவி இருக்க வாய்ப்புக் குறைவு, நுண்ணோக்கி நிச்சயம் இருக்கும். வறுக்காத ஈர மாவை ஆலையிலிருந்து வாங்கி ஒரு சொட்டுத் தண்ணீரில் பாருங்கள். கிழங்கு மாவின் துகள் உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டியதுபோல் இருக்கும். சோளத் துகள் பெரும்பாலும் பல கோணங்களோடு இருக்கும். வறுத்தபின் துகள்கள் வீங்கி உருக்குலைந்துவிடும் என்பதால், முத்தாவதற்கு முன்பே மாதிரியை எடுத்துவிடுங்கள். இதையே உங்கள் ஆய்வுத்திட்டமாக எடுத்துக்கொண்டால் படங்களை எனக்கு அனுப்புங்கள். மெத்திலேற்றத்தையும் சேர்த்துச் செய்வதானால் செய்முறையை வரிக்கு வரி எழுதித் தருகிறேன்.